நம்பரை மாற்றாத பிரேக் அக்கா

"கிளட்சை மெதுவா விடு. மெதுவான்னா, தூங்குற குழந்தைய மடியிலேர்ந்து எறக்கி வைக்கிற மாதிரி. ஆங்... போட்டுட்டே பாத்தியா தொப்புன்னு!"

கார் ஒரு குலுக்குக் குலுக்கி நடுச்சாலையில் நின்றுவிடுகிறது. பின்னால் வந்தவர் ஹாரனை அழுத்திப் பிடிக்கிறார். ஸ்டீயரிங்கைக் கட்டிக்கொண்டிருக்கும் பெண் வங்கி ஒன்றில் பெரிய பொறுப்பில் இருப்பவர். இப்போது வியர்த்து வழிந்து, உள்கண்ணாடி வழியாகப் பின்னால் இருப்பவரிடம் கண்ணாலேயே மன்னிப்புக் கேட்கிறார்.

"அவர் அடிக்கட்டும். ஹாரனும் அவரோடது, பேட்டரியும் அவரோடது. நமக்கென்ன போச்சு? நீ நியூட்ரலுக்கு வா."

பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கும் இவருக்குப் பழக வந்தவர்கள் வைத்த பெயர் பிரேக் அக்கா. பயிற்சி வண்டியில் சொல்லிக்கொடுப்பவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. ஏறியவுடன் அக்கா வலது செருப்பைக் கழற்றி இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டு, வெறும் பாதத்தை அந்தப் பிரேக்கின் மேல் பட்டும் படாமலும் வைத்துக்கொள்வார். வீட்டில் தொலைக்காட்சித் தொடரில் யாராவது சாலையைக் கடந்தால்கூட அந்தக் கால் தரையை அழுத்தும் என்று அவருடைய கணவர் சொல்லிச் சிரிக்கிறார்.

அவருக்கு விசித்திரமான பழக்கம் ஒன்று. ஆபத்தில்லாத இடத்தில்தான் கத்துவார். காலியான மைதானத்தில் எட்டுப் போடும்போது அவர் போடுகிற சத்தத்தில் சுவரில் உட்கார்ந்திருக்கும் காக்கைகள் பறக்கும். நிஜமாகவே குறுக்கே ஒரு லாரி வந்துவிட்டால் குரல் அடங்கிப் பக்கத்து வீட்டுக்காரியிடம் நலம் விசாரிப்பதுபோல் ஆகிவிடும். "ஒண்ணுமில்ல. அப்படியே இடது பக்கம். அவ்வளவுதான்." பழையவர்கள் இதைத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். அக்கா கத்துகிறவரை கவலையில்லை.

இன்னொரு பழக்கம், சாவியைக் கொடுக்குமுன் "என்ன சாப்பிட்டே?" என்று கேட்பது. புதிதாக வருகிறவர்கள் இதை அக்கறை என்று நினைத்து உருகிப்போவார்கள். பதில் அவருக்கு வேண்டியதில்லை. வாயைத் திறக்க வைக்கத்தான் அந்தக் கேள்வி. குடித்த வாசனை வந்தால் சாவி திரும்பக் கைப்பைக்குள் போய்விடும்.

இந்த ஓட்டுநர் பள்ளியில் அவர் முதலில் சேர்ந்தது தொலைபேசி எடுக்கும் வேலைக்கு. முதலாளி சாப்பிடப் போகும் நேரத்தில் வண்டியை நகர்த்திப் பார்த்து, பிறகு முறையாகப் பழகி, சொல்லிக்கொடுப்பதற்கான உரிமமும் வாங்கினார். முதலாளி ஊரை விட்டுப் போனபோது பழைய காரையும் பள்ளியின் பெயரையும் அக்கா எடுத்துக்கொண்டார். காரின் உச்சியில் ஒரு பலகை. அதில் பள்ளியின் பெயர், கீழே அவருடைய கைபேசி எண். "எனக்குன்னு ஒரு கடை கெடையாது, ஷட்டர் கெடையாது. இந்த நம்பர்தான் என் கடை" என்பார். கணவர் தையல் இயந்திரங்கள் பழுது பார்ப்பவர். அதிர்ந்து பேசத் தெரியாதவர். மகள் மருந்தியல் படிக்கிறாள்.

அந்தக் கடைக்குள் கல் விழுந்தது ஒரு காலை நேரத்தில். ஒரு ஆசிரியைக்கு ரவுண்டானாவைச் சுற்றக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். கைபேசி அடித்தது.

"ரேட் என்ன?" என்றது ஒரு ஆண் குரல்.

"காருக்கா, டூவீலருக்கா?"

எதிர்முனையில் சிரிப்பு. அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. "ரெண்டும் சேத்துப் பழகினா கொறைச்சுக் கொடுக்கிறோம்" என்றார். அந்த ஆள் இன்னும் பலமாகச் சிரித்துவிட்டு, பிறகு ஒரு வாக்கியம் சொன்னான். அதை அக்கா இன்றுவரை யாரிடமும் திருப்பிச் சொன்னதில்லை. அடுத்த அழைப்பு அந்த ரவுண்டானாவை விட்டு வெளியே வருவதற்குள் வந்தது. மதியத்துக்குள் கைபேசி சூடேறிப் போயிற்று.

நிஜமான ஆபத்து வந்தால் அவர் கத்துவதில்லை என்று சொன்னேனல்லவா? அப்படித்தான் இதிலும். ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைத் தாழ்ந்த குரலில் கேட்டார். "இந்த நம்பர் உங்களுக்கு எங்க கெடச்சுது?" பெரும்பாலானோர் துண்டித்துவிட்டார்கள். சிலர் கெட்ட வார்த்தை சொன்னார்கள். கட்டடம் ஒன்றில் காவல் பார்க்கும் ஒருவர் மட்டும் தடுமாறினார். "நீங்க... நெசமாவே டிரைவிங் ஸ்கூலாம்மா?" என்றார். "ஆமா, வந்து கத்துக்கறீங்களா?" என்றார் அக்கா. "தப்பு நடந்துபோச்சும்மா. எனக்கும் பொண்ணு இருக்கு" என்று சொல்லி அவர் வைத்துவிட்டார். சற்று நேரத்தில் அவரிடமிருந்து ஒரு லிங்க் வந்து விழுந்தது.

வண்டியை ஒரு மரநிழலில் ஓரங்கட்டி அதைத் திறந்தார். சமூக வலைத்தளத்தில் அவருடைய பெயரிலேயே ஒரு பக்கம். பள்ளியின் விளம்பரத்துக்காகக் காரில் சாய்ந்து நின்று எடுத்த படத்திலிருந்து முகத்தை மட்டும் வெட்டி, ஆடையில்லாத யாரோ ஒரு பெண்ணின் உடம்பில் ஒட்டியிருந்தார்கள். கீழே, அழைப்பு விடுக்கும் நாலு வார்த்தை. அதற்கும் கீழே, பலகையில் இருக்கும் அதே எண்.

தண்ணீர் குடித்தார். பிறகு என்ன செய்கிறோம் என்று தெரியாமலேயே இண்டிகேட்டர் அணைந்திருக்கிறதா என்று பார்த்தார். அணைந்துதான் இருந்தது. அடுத்த மாணவி காத்துக்கொண்டிருப்பாள் என்று நினைவு வந்தது. வண்டியைக் கிளப்பினார்.

மாலையில் வீட்டுக்குப் போனவர், கணவரையும் மகளையும் சமையலறை மேசைக்கு வரச்சொல்லி, கைபேசியை நடுவில் வைத்தார்.

"மத்தவங்க சொல்லி நீங்க பாக்கறதவிட நானே காட்டிடறேன். நல்லாப் பாத்துக்கங்க. தலை என்னோடது. மத்ததெல்லாம் வேற யாரோ ஒரு பொண்ணோடது."

மகள் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து உள்ளே போய்விட்டாள். கணவர் வெகுநேரம் மேசையின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

"நம்பரை மாத்திடலாமா?" என்றார் கடைசியில்.

"எதுக்கு?"

"தொல்லை விடுமே."

"யாருக்கு விடும்? அவன் போட்ட நம்பரை நான் தூக்கிப் போட்டா, என் கடையை நானே இழுத்து மூடின மாதிரி. அதுக்குத்தானே போட்டிருக்கான்?"

மறுநாள் அக்காவின் அண்ணன் வந்தார். தங்கையின் மேல் உயிரையே வைத்திருப்பவர். அந்த உயிரையெல்லாம் சேர்த்துக் கத்தினார். "போலீசு கேசுன்னு போனா பாக்காதவனும் பாப்பான். குடும்ப மானம் கப்பலேறிடும். நெட்ல இருக்கற உன் கணக்கை மூடு, நம்பரை மாத்து, கொஞ்ச நாள் வீட்ல இரு!"

"மானம் என்ன என் போன்லயாண்ணா இருக்கு, நம்பர் மாத்தினா மிஞ்சறதுக்கு?" என்றார் அக்கா. "தப்பு செஞ்சவன் தெருவுல நடக்கறான். நான் வீட்ல இருக்கணுமா? சாப்பிட்டுட்டுப் போங்க. சாயங்காலம் எனக்கு ரெண்டு பேர் பழக வராங்க."

பக்கத்துக் காவல் நிலையத்தில் எழுத்தர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் நெட்ல சகஜம்மா. பிளாக் பண்ணிட்டுப் போங்க" என்றார். "நடுரோட்ல ஒருத்தன் ஏத்திட்டுப் போனா, ரோடுன்னா சகஜம்னு சொல்வீங்களா சார்?" என்று அக்கா கேட்டதும் எழுத்தருக்குக் கோபம் வந்துவிட்டது. அந்தக் கோபத்திலேயே சைபர் குற்றப் பிரிவுக்குப் போகும் வழியையும் சொன்னார்.

அந்த அலுவலகம் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில். மேசைகளில் கணினிகளைவிடக் கோப்புகள்தான் அதிகம். வெளியே பெஞ்சில், வேலை வாங்கித் தருவதாக நம்பி ஏமாந்த பட்டதாரி ஒருவர்; தன் மின்னஞ்சல் கணக்கை யாரோ திருடி உறவினர்களுக்கெல்லாம் கடிதம் அனுப்பிவிட்டதாகப் புலம்பும் பெரியவர்; தலைநிமிராத ஒரு கல்லூரிப் பெண். பெரியவரிடம் அக்கா இரண்டு நிமிடத்தில் பேச்சுக் கொடுத்துவிட்டார். கல்லூரிப் பெண்ணிடம் ஒன்றும் கேட்கவில்லை. தன் தண்ணீர் பாட்டிலை மட்டும் அவள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

உள்ளே இருந்த அதிகாரி மகளைவிடச் சற்றே மூத்தவள்போல் தெரியும் ஒரு பெண். படத்தைப் பார்த்தபோது முகத்தில் எந்த மாறுதலும் இல்லை. அது அக்காவுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

"உங்க பேர்ல கணக்கு ஆரம்பிச்சது ஒரு குற்றம்மா. முகத்தை வெட்டி ஒட்டினது வேற குற்றம். அதை எல்லாரும் பாக்கப் போட்டது இன்னொண்ணு. நம்பரைக் கொடுத்து ஆம்பளைங்களை உங்க மேல ஏவி விட்டதும் சும்மா போகாது."

"அப்ப சிக்னல் தாண்டினது, ராங் சைடு வந்தது, லைசென்ஸ் இல்லாதது, ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா எழுதுவீங்களா?"

அதிகாரி முதன்முறையாகச் சிரித்தாள். "அதேதான். ஆனா நீங்க எதையும் அழிச்சிடாதீங்க. பாக்கப் பிடிக்கலேன்னா பாக்காதீங்க, அழிக்க மட்டும் வேண்டாம். பக்கத்தோட முகவரி தெரியற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க. அவன் ஏதாவது அனுப்பினா பதில் போடாதீங்க. எங்களுக்கு அனுப்புங்க."

அக்கா எழுந்தார். எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார். "மேடம், அந்த உடம்பு யாரோடது?"

"தெரியாதும்மா. எங்கேர்ந்தாவது எடுத்திருப்பான். எந்த ஊரோ, எந்த நாடோ."

"அந்தப் பொண்ணுக்கு இது தெரியுமா?"

"தெரிய வாய்ப்பில்ல."

"அப்ப அவளுக்கு யாரு கேஸ் கொடுப்பா?"

அதிகாரியின் பேனா நின்றது. பிறகு புகாரில் ஒரு வரி கூடுதலாகச் சேர்ந்தது: அடையாளம் தெரியாத இன்னொரு பெண்ணின் படமும் அவள் சம்மதமின்றிப் பயன்படுத்தப்பட்டிருக்கிறது.

பக்கம் நீக்கப்பட்டது. அடுத்த வாரமே வேறு பெயரில் முளைத்தது. கூடவே அக்காவின் எண்ணுக்கு ஒரு செய்தி: காரின் பலகையைக் கழற்று, ஓட்டுநர் பள்ளியை மூடு, இல்லாவிட்டால் படம் உன் மகளின் கல்லூரிக்குப் போகும். அக்கா பதில் போடவில்லை. அதை அதிகாரிக்கு அனுப்பி, "மிரட்டலையும் சேத்துக்கங்க" என்று மட்டும் எழுதினார். பிறகு நேரே பெயர்ப்பலகை எழுதுகிறவரிடம் போய் வண்டியை நிறுத்தினார்.

"பலகையைக் கழட்டணுமாக்கா?" என்றார் அவர். விஷயம் அவர் காதுக்கும் எட்டியிருந்தது.

"கழட்டணும். கழட்டிட்டுப் பெரிசா ஒண்ணு மாட்டணும். நம்பர் தூரத்துலேர்ந்தே தெரியணும். அவன் மாடியில நின்னாலும் தெரியணும்."

பெரிய பலகை ஏறிற்று. மாணவிகள் சிலர் பாதியிலேயே இறங்கிக்கொண்டார்கள். ஒருத்தியின் கணவர் தொலைபேசியில், "தப்பா நெனச்சுக்காதீங்க, ஊர் வாயை மூட முடியாதே" என்றார். "ஊர் வாய் கிடக்கட்டும் சார். உங்க சம்சாரம் நேத்துதான் முதல் தடவையா மேட்டுல வண்டியை நிறுத்தி எடுத்தாங்க. அந்தச் சந்தோஷத்தை நீங்க பாத்திருக்கணும்" என்று சொல்லி அக்கா வைத்துவிட்டார். அந்த அம்மாள் திரும்பி வரவில்லை. அக்கா சில நாள் காலை நேரங்களில் காலியான காரை மைதானத்தில் நிறுத்திவிட்டு, சீட்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு கிடந்திருக்கிறார். அழுதீர்களா என்று கேட்டால், "அழாம? கல்லா நானு? அழுதேன். அழுதுட்டு டயர்ல காத்து பாத்தேன்" என்கிறார்.

மிரட்டியவன் சொன்னதைச் செய்தான். படம் கல்லூரி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றியது. மகள் சில நாட்கள் போகவில்லை. தாயிடம் பேசவுமில்லை. ஒரு காலை தானாகவே புத்தகப் பையோடு வந்து பயிற்சிக் காரில் ஏறினாள். அந்தக் காரில் வந்து இறங்குவது அவளுக்கு எப்போதும் கூச்சம். தெருமுனையிலேயே இறங்கி நடந்து போய்விடுவாள். அன்று தெருமுனையில் அக்கா வழக்கம்போல் நிறுத்தினார்.

"வாசல் வரைக்கும் போங்கம்மா" என்றாள் மகள்.

வாசலில் நின்றிருந்த கூட்டம் பலகையைப் பார்த்தது, எண்ணைப் பார்த்தது, இறங்கியவளைப் பார்த்தது. மகள் குனிந்து ஜன்னல் வழியாக, வேண்டுமென்றே உரக்க, "சாயங்காலமும் இங்கயே வந்துடுங்க!" என்றாள். திரும்பிப் பார்க்காமல் உள்ளே நடந்தாள். அன்று அக்கா திரும்புகிற வழியில் இரண்டு தடவை கியரைத் தப்பாகப் போட்டாராம். கண்ணில் தூசி என்று சொல்கிறார்.

அந்தக் கணக்குகள் திறக்கப்பட்ட இணைய இணைப்பைத் தேடிக்கொண்டே போன அதிகாரி, சில மாதங்களில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டினாள். ஆள் அக்காவிடம் பழக வந்தவன்தான். கணக்கர் அலுவலகத்தில் வேலை. குடித்துவிட்டு வாசனைத் திரவியத்தில் குளித்துவிட்டு வருவான். "என்ன சாப்பிட்டே?" என்ற கேள்வியில் மூன்றாவது தடவையும் பிடிபட்டபோது, அக்கா அவனை எல்லார் முன்னாலும் இறக்கிவிட்டு, தேர்வுக்கு அனுப்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான் காரணம். கேட்டபோது அக்காவுக்குக் கோபம்கூட வரவில்லையாம். "இதுக்கா? இத்தனை வேலையும் இதுக்கா?" என்று அதிகாரியிடம் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார்.

பிறகு அவனுடைய அப்பா வந்தார். அக்காவும் இருந்த நேரத்தில் கணவரின் தையல் இயந்திரக் கடைக்கு, கை நிறையப் பழப்பையோடு. அக்காவின் அண்ணனும் உடன் வந்திருந்தார். பெரியவர் உட்கார மறுத்து நின்றபடியே பேசினார்.

"படிச்ச பையன்ம்மா. புத்தி கெட்டுப் போய் செஞ்சுட்டான். கல்யாணம் பேசிக்கிட்டு இருக்கோம். ஒரே ஒரு கையெழுத்துப் போட்டு வாபஸ் வாங்கிட்டீங்கன்னா அவன் வாழ்க்கை தப்பிக்கும். நீங்க மன்னிச்சா போதும்."

"பெரியவர் இவ்வளவு தூரம் வந்திருக்காரு. விட்டுடும்மா" என்றார் அண்ணன்.

அக்கா பெரியவரின் முகத்தைப் பார்த்தார். அந்த மனிதர் மேல் அக்காவுக்கு வருத்தம் இல்லை. குரல் தாழ்ந்துவிட்டது.

"ஐயா, என் முகத்துக்கு உண்டான பங்கை வேணும்னா நான் மன்னிக்கலாம். அந்தப் படத்துல இன்னொரு பொண்ணு இருக்கா. அவ யாரு, எங்க இருக்கான்னு உங்க பையனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவ பங்கை மன்னிக்க நான் யாருங்க?"

அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்போது, அதுவரை ஒரு ஊசித் தகட்டைத் துடைத்துக்கொண்டிருந்த கணவர் எழுந்தார். பழப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போய், பெரியவரின் ஸ்கூட்டர் கைப்பிடியில் மாட்டிவிட்டு வந்து, மறுபடி தகட்டைத் துடைக்க ஆரம்பித்தார். அதற்கப்புறம் அண்ணன் வாபஸ் பேச்சை எடுக்கவில்லை.

நீதிமன்றத்தில், பெண்ணின் விஷயம் என்பதால் கதவைச் சாத்திக்கொண்டு விசாரிக்கலாம் என்று நீதிபதி பரிவோடு சொன்னார். "தெறந்தே இருக்கட்டுங்க. அவன் தெறந்து வெச்சுத்தானே செஞ்சான்?" என்றார் அக்கா. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் படத்தைத் தூக்கிக் காட்டி, "இது நீங்கதானே?" என்று ஒரு மாதிரியாகக் கேட்டார். அக்கா கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, நிதானமாகப் பார்த்தார்.

"கழுத்துக்கு மேல நான். கீழ யாருன்னு உங்க கட்சிக்காரரைத்தான் கேக்கணும். தேடிப் பிடிச்சவர் அவர்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். வழக்கறிஞர் படத்தை மடக்கி வைத்தார்.

குற்றம் நிரூபணமாகிச் சிறைத் தண்டனை கிடைத்தது. அவன் மேல்முறையீடு செய்திருக்கிறான். இப்போது ஜாமீனில் வெளியே இருக்கிறான். "மேல போகட்டும். நானும் மேல வரேன். எனக்கென்ன, வண்டி இருக்கு" என்கிறார் அக்கா. படம் முழுவதும் ஒழிந்துவிட்டதா என்றால் இல்லை. அதிகாரியே அதை ஒளிக்காமல் சொல்லிவிட்டாள். யார் யார் கைபேசியிலோ கிடக்கும். இன்னும் எப்போதாவது ஒரு அழைப்பு வருகிறது. நேற்றும் ஒன்று வந்தது. "ரேட் என்ன?" என்ற குரலுக்கு அக்கா சளைக்காமல், "முதல்ல கண் டெஸ்ட் சர்டிபிகேட் கொண்டு வாங்க சார்" என்றார். இறங்கிக்கொண்ட மாணவிகளுக்குப் பதில் வேறு சிலர் வந்திருக்கிறார்கள். சைபர் பிரிவு பெஞ்சில் தலைநிமிராமல் உட்கார்ந்திருந்த கல்லூரிப் பெண்ணும் அதில் ஒருத்தி. அவளுடைய வழக்கு என்ன என்று அக்கா இன்றுவரை கேட்கவில்லை. "கிளட்ச் நல்லா வருது அவளுக்கு" என்பதோடு சரி.

பத்திரிகையின் இந்தப் பக்கத்துக்காகப் படம் எடுக்க வந்த புகைப்படக்காரர் நல்ல மனிதர், விவரம் தெரிந்தவர். காருக்கு வெளியே நின்றபடி, "அக்கா, முகம் வேண்டாம். ஸ்டீயரிங் மேல உங்க கை மட்டும் இருக்கற மாதிரி எடுத்துக்கலாம். இல்லேன்னா பின்னாலேர்ந்து, நிழல் மாதிரி. யாருக்கும் தெரியாது" என்றார்.

அக்கா அவரை ஒரு கணம் பார்த்தார். ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்தார். ஜன்னல் கண்ணாடியை அடிவரை இறக்கி, நெற்றியில் விழுந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டு, முகத்தை வெளியே வெயிலில் நீட்டினார்.